ஈற்றில் தொலைந்த ஓர் அசை

நம் வட்டத்தின் பத்தாண்டுக் கால அமர்வுகளில் யாப்பைத் தொடாமல் முடிந்தவை மிகக் குறைவு. மரபா, புதிதா என்னும் வழக்குத் தீராமலே இம்மலரும் அச்சேறுகிறது. அத்தகைய அமர்வொன்றில் நண்பர் ஒருவர், "ஆங்கிலத்தார்க்கு என்ன தொல்லை? அசைகளை எண்ணினால் போதும்; நேரும் நிரையும் தளையும் பார்க்க வேண்டியதில்லையே!" என்றார். அப்போது நான் விடை கூறவில்லை. அசைகளை எண்ணிப் பார்த்தே தம் மாபெருங் கவிஞர் ஒருவரை ஓசை பிடிபடாதவர் என்று அம்மொழியினர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கருதியிருந்தனர். அவ்வரலாறே என் விடை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழில் அசையின் எடை மாத்திரையைச் சார்ந்தது. குறிலும் நெடிலும் ஒற்றும் எழுத்திலேயே தெரிந்துவிடுகின்றன; ஏட்டைப் பார்த்தே அலகிடலாம். ஆங்கில யாப்போ ஒலியழுத்தத்தைச் சார்ந்தது. அவ்வழுத்தத்தைக் காட்டும் குறி அம்மொழியின் எழுத்தில் இல்லை. 'பிரசென்ட்' என்னும் சொல் பெயராயின் முதலசையில் அழுத்தம் பெறும். வினையாயின் இரண்டாம் அசையில் பெறும். எழுதும்போது இரண்டும் ஒன்றே. ஆகவே ஆங்கில யாப்பு, தன்னைப் படிப்பவரின் நாவை நம்பி வாழ்வது. நா மாறினால் யாப்பும் மாறும்.

ஆங்கிலத்தின் பழைய யாப்பில் அசை எண்ணும் வழக்கமே இருந்ததில்லை. 'பியோவுல்ஃப்' காப்பியம் 3,182 அடிகளைக் கொண்டது. இன்று எஞ்சியுள்ள ஒரே கைப்பிரதி கி.பி. 1000-ஐ ஒட்டியது. ஒவ்வோர் அடியும் இரு பாதியாக நிற்கும்; பாதிக்கு இரண்டாக நான்கு அழுத்தங்கள்; அவற்றைப் பிணைப்பது மோனை. மூன்றாம் அழுத்தத்தில் வரும் ஒலியே தலைமை. முதற்பாதி அதனோடு மோனை கொள்ள வேண்டும். அழுத்தமற்ற அசைகள் கூடலாம், குறையலாம். நமக்கு அகரத்துக்கு ஆகாரமும் ஐகாரமும் ஔகாரமும் மோனையாகும். அவர்களுக்கோ எந்த உயிரும் எந்த உயிருக்கும் மோனை. நம்மினும் தாராளமானவர்கள்!

சொல்லின் வேர்ப்பகுதியின் முதலசையிலேயே அழுத்தம் விழும் மொழி அது. அதனால் ஈற்றசைகள் நலிந்தன. 'பெயர்' என்னும் பொருளுடைய 'நம' என்ற பழஞ்சொல்லின் ஈற்று அகரம் தேய்ந்து 'நாமெ' ஆயிற்று. பின்னர் அந்த எகரமும் வீழ்ந்து இன்றைய 'நேம்' எஞ்சியது. ஈரசை ஓரசையானது. ஆனால் எழுத்தில் அந்த ஈற்றெழுத்து இன்றும் நிற்கிறது, ஆளற்ற வீட்டின் பெயர்ப்பலகை போல.

1066-இல் நார்மானியர் வென்ற பின் அரசவையில் பிரெஞ்சு அமர்ந்தது; அதனுடன் அசையெண்ணும் யாப்பும் இயைபும் வந்தன. சாசர் இவ்விரு மரபுகளுக்கும் இடையே பிறந்தவர். பிரெஞ்சுப் பாடல்களையும் இத்தாலியக் காப்பியங்களையும் கற்று, 1387-ஐ ஒட்டித் தொடங்கிய 'கான்டர்பரிக் கதைக'ளின் பெரும்பகுதியில் பத்தசை அடியைக் கையாண்டார். அசைக்கணக்கு வெளியிலிருந்து வந்தது. ஆனால் அடியைத் தாங்கியது உள்நாட்டு அழுத்தம்தான். அழுத்தமற்றதும் அழுத்தமுற்றதுமாய் ஐந்து இணைகள். நம் கணக்கில் அது நெடிலடி.

அந்தப் பத்தசைக் கணக்கில் ஈற்று எகரமும் ஓர் அசை. 'இனிய' என்னும் பொருளில் இன்று 'ஸ்வீட்' என ஓரசையாய் ஒலிப்பது, சாசருக்கு 'ஸ்வேட்டெ' என ஈரசை. அடுத்து உயிர் வந்தால் இந்த எகரம் கெட்டுவிடும். 'காடு இல்லை' என்பது 'காடில்லை' ஆகும்போது குற்றியலுகரம் மறைவதை அறிந்த நமக்கு இது புதிதன்று. இன்னொரு நுட்பமும் உண்டு. 'இளைய' என்னும் பெயரடை தனியே நின்றால் 'யொங்'. 'அந்த' என்னும் சுட்டுக்கு ஒப்பான 'தி' முன்வந்தால் 'யொங்கெ'. இது கவிஞர் அடியை நிரப்பச் செருகிய அசைநிலையன்று; பழைய வேற்றுமை உருபுகளின் எச்சம். அவர் காலத்திலேயே பேச்சில் அது தேய்ந்துகொண்டிருந்தது. மறையும் நிலையிலிருந்த ஓர் ஒலியின்மீது அவர் தம் யாப்பை எழுப்பினார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு நெஞ்சம் சற்றே நடுங்கும்.

சாசர் 1400-இல் மறைந்தார். அடுத்த தலைமுறைகளில் அந்த எகரம் பேச்சிலிருந்து முற்றும் போயிற்று. படியெடுத்தவர்கள் அதன் இலக்கணம் அறியாமல், வேண்டாத இடத்தில் சேர்த்தும் வேண்டிய இடத்தில் விட்டும் எழுதினர். அவரை ஆசானாகப் போற்றிய லிட்கேட்டின் அடிகளிலேயே ஓசை இடறுகிறது. 1476-ஐ ஒட்டிக் காக்ஸ்டன் அச்சிட்டபோது பிழைகளும் அச்சேறின. 1557-இல் டாட்டெல் வெளியிட்ட புகழ்பெற்ற தொகை நூலில், 1542-இல் மறைந்த வயட்டின் கரடுமுரடான அடிகளும் புதிய காலத்தின் செவிக்கு ஏற்பச் செப்பனிடப்பட்டன. இறந்த கவிஞர் எழுந்து மறுக்க முடியாதல்லவா?

1602-இல் சாசரைப் பதிப்பித்த தாமஸ் ஸ்பெக்ட், படிக்கத் தெரிந்தவர்க்கு அவ்வடிகள் சரியாகவே அமையும் என்றார். ஆனால் எவ்வாறு படிப்பது என்று காட்டவில்லை. 1700-இல் டிரைடன், சாசரின் கதைகள் சிலவற்றைத் தம் காலத்து ஆங்கிலத்தில் யாத்து வெளியிட்டார். அதன் முன்னுரையில் சாசரை ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப் போற்றியவர், யாப்பென்று வந்ததும் பதிப்பாசிரியரின் கூற்றைத் தள்ளிவிட்டார். எண்ணற்ற அடிகளில் சீர் குறைகிறது, எப்படி ஒலித்தாலும் நேராகாது, கவிதையின் குழந்தைப் பருவத்தில் வாழ்ந்தவரிடம் முதிர்ச்சியை எதிர்பார்த்தலாகாது என்பது அவர் தீர்ப்பு. டிரைடனை நான் குறை சொல்லமாட்டேன். அவர் செவி நுண்ணியது. கேட்டதை நேர்மையாகச் சொன்னார். அவர் கையில் இருந்தது பிழைபட்ட ஏடு. நாவில் இருந்தது முந்நூறாண்டு பிந்திய மொழி.

அந்தத் தீர்ப்பை மாற்றியவர் கவிஞரல்லர். தாமஸ் டிர்விட், பாராளுமன்ற மக்களவையின் எழுத்தராகப் பணியாற்றி, 1768-இல் அதைத் துறந்து நூல்களோடு அமர்ந்தவர். 1775-இல் அவர் பதிப்பு வெளிவரத் தொடங்கியது. சாசரின் மொழியையும் யாப்பையும் பற்றி அதில் அவர் எழுதிய கட்டுரை, ஈற்று எகரத்தை ஒலித்துப் படித்தால் நொண்டிய அடிகள் பெரும்பாலும் நிமிர்வதைக் காட்டியது. ஊகத்தால் மட்டும் அன்று. பழைய ஆங்கில ஈறுகளையும் பிரெஞ்சுச் சொல்லீறுகளையும் சான்றாக வைத்தார். தளை தட்டுமிடத்தில் ஏட்டின் பிழையை ஐயுற்ற நம் பதிப்பாசிரியர்களுக்கு அவர் ஓர் உறவினர் எனலாம். 1860-களில் ஹார்வர்டுப் பேராசிரியர் பிரான்சிஸ் சைல்டு, எந்தச் சொல்வகையில் எகரம் ஒலிக்கும், எதில் ஒலிக்காது என்று சொல் சொல்லாக ஆராய்ந்து அப்பணியை உறுதிப்படுத்தினார்.

வழக்கு அதோடு முடியவில்லை. 1954-இல் சவுத்வொர்த் என்னும் அறிஞர், அந்த எகரம் சாசருக்கே ஒலித்ததில்லை, ஐஞ்சீர்க் கணக்கே பிற்காலத்தார் ஏற்றிய சுமை என்று வாதிட்டார். அவருக்கு எதிரான வலுவான சான்று மிகப் பழைய கைப்பிரதிகள் இரண்டில் உள்ளது. வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ள ஹெங்வர்ட் பிரதியிலும், கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் உள்ள எல்ஸ்மியர் பிரதியிலும், பெயரடைகளின் எகரம் பெரும்பாலும் இலக்கணப்படியே நிற்கிறது. பொருளற்ற கோடாயின் இவ்வளவு ஒழுங்காக நில்லாது.

மாணவர்க்கான பழைய பதிப்புகள் சிலவற்றில், ஒலிக்க வேண்டிய ஈற்றெழுத்தின் தலையில் புள்ளி வைத்திருப்பார்கள். நமக்குப் புள்ளி உயிரை நீக்கும் குறி. அங்கே இறந்த உயிரை அழைக்கும் குறி. அத்தகைய பதிப்பொன்றை அன்று பேசிய நண்பரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். முதல் முறை புள்ளிகளை விட்டுவிட்டுப் படித்தார், அடி இடறியது. இரண்டாம் முறை விரல்விட்டு எண்ணிக்கொண்டே படித்தார். பத்தாவது விரல் மடங்கியதும் நிமிர்ந்து பார்த்து, அடுத்த அடிக்குப் போனார்.