செத்ததை மட்டும் தின்னும் மருந்து: தீக்காய சிகிச்சையின் வரலாறு

தீக்காயம் என்றதும் நினைவுக்கு வருவது கொப்புளமும் எரிச்சலும்தான். ஆனால் மிக ஆழமான தீக்காயத்தில் பெரும்பாலும் வலியே தெரியாது! வலியை உணரும் நரம்பு முனைகளும் தோலோடு சேர்ந்து வெந்துபோயிருக்கும். அங்கே மிஞ்சுவது பதனிட்ட தோல் போல விறைத்த ஒரு செத்த படலம்.

இந்தப் படலம்தான் மருத்துவர்களுக்குப் பெரிய எதிரி. கிருமிகளுக்கு அது நல்ல விருந்து. கையையோ காலையோ சுற்றி வளைத்திருந்தால் இன்னும் ஆபத்து. உள்ளே வீக்கம் ஏற ஏற, இறுக்கிக் கட்டிய கயிறு போல இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். ஆகவே அதை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் செத்த தசை எங்கே முடிகிறது, உயிருள்ள தசை எங்கே தொடங்குகிறது என்று கத்திக்குத் தெரியாதே! தெரிந்த ஒன்றைத் தேடிய கதைதான் இது.

போர்க்களத்துப் புழுக்கள்

நெப்போலியனின் படையோடு எகிப்து, சிரியா சென்ற மருத்துவர் லாரே, வீரர்களின் புண்ணில் ஈப்புழுக்கள் நெளிவதைப் பார்த்தார். அவை அழுகிய பகுதியை மட்டுமே தின்றன. புண்ணும் சீக்கிரம் ஆறியது.

முதல் உலகப் போரில், 1917ல், அமெரிக்க மருத்துவர் வில்லியம் பேயர் இதையே கண்டார். தொடை எலும்பு முறிந்து, வயிற்றிலும் காயம்பட்டு, ஏழு நாட்கள் கவனிப்பாரின்றிக் கிடந்த இரண்டு வீரர்கள். புண் முழுக்கப் புழு. கழுவிப் பார்த்தால் அடியில் அழகான இளஞ்சிவப்புத் தசை! பின்னாளில் பால்டிமோரில், எலும்பில் சீழ் பிடித்த குழந்தைகளுக்குப் புழுக்களை வைத்தே அவர் சிகிச்சை செய்தார். சிலருக்கு டெட்டனஸ் வந்த பிறகு, கிருமி நீக்கி வளர்த்த புழுக்களுக்கு மாறினார். 1940களில் பென்சிலின் வந்ததும் இந்த முறை ஓரங்கட்டப்பட்டது. 2004ல் அமெரிக்க அரசு மருத்துவப் புழுக்களுக்கு அனுமதி தந்தது.

புழுவிடம் அப்படி என்ன இருக்கிறது? அதன் உமிழ்நீரில் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் (என்சைம்கள்) இருக்கின்றன. அப்படியானால், புழு இல்லாமல் நொதியை மட்டும் எடுத்தால்?

கொல்லும் கிருமியிலிருந்து மருந்து

அதே போர்க்களச் சேற்றில் இன்னொரு பொருளும் இருந்தது. தசையையே கரைத்து அழிக்கும் 'க்ளோஸ்ட்ரிடியம் ஹிஸ்டோலிட்டிகம்' என்ற கிருமி. 1916ல் வீரர்களின் காயங்களிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது.

இந்தக் கிருமியின் ஆயுதத்தைப் பிரித்தெடுத்தவர்களில் முக்கியமானவர் இனெஸ் மாண்டல் என்ற பெண் வேதியியலாளர். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். 1953ல் அவரும் சக ஆய்வாளர்களும் 'கொலாஜினேஸ்' நொதியைத் தனியே பிரித்த ஆய்வை வெளியிட்டார்கள். செத்த தசை புண்ணோடு ஒட்டிக்கொண்டிருப்பது கொலாஜன் நார்களால்தான். இந்த நொதி அந்த நார்களையே வெட்டிவிடுகிறது. 1965ல் களிம்பாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குறை ஒன்றுதான்: வேகம் போதாது. நாள் தவறாமல் தடவி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பப்பாளி தந்த பாடம்

கறி சீக்கிரம் வேக பப்பாளிக்காய்த் துண்டு போடுவது நம் வீடுகளில் தெரிந்த விஷயம். அந்தக் காயின் பாலில் உள்ள நொதிக்கு 1879ல் பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் 'பப்பைன்' என்று பெயரிட்டார். ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில், பன்ஜுல் நகர மருத்துவமனையில் பப்பாளியை மசித்துக் குழந்தைகளின் தீக்காயங்களுக்குப் போட்டதை 1999ல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. விலை உயர்ந்த களிம்புக்கு வழியில்லாத இடத்தில் அதுதான் கைகொடுத்தது.

அமெரிக்காவிலோ பப்பைனும் யூரியாவும் கலந்த களிம்புகள் முறையான அனுமதி பெறாமலேயே பல காலம் விற்பனையில் இருந்தன. சிலருக்கு ஒவ்வாமையால் இரத்த அழுத்தம் சரிந்து, இதயம் படபடத்தது. 2008ல் அரசு அவற்றின் தயாரிப்பை நிறுத்தச் சொன்னது. இயற்கைப் பொருள் என்பதாலேயே ஆபத்தில்லை என்று ஆகிவிடாது!

நான்கு மணி நேரம்

இதற்கிடையே கத்தியும் முன்னேறியது. அன்றைய யூகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரில் சோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர், செத்த தோலை மெல்லிய அடுக்குகளாகச் சீவினார். இரத்தம் கசியும் இடம் வந்ததும் நிறுத்தி, உடனே புதுத் தோலை ஒட்டினார். 1970ல் வெளியான அவருடைய கட்டுரை தீக்காய சிகிச்சையையே மாற்றியது. ஆனாலும் இரத்த இழப்பு அதிகம். தோல் மெலிந்த புறங்கை போன்ற இடங்களில் நல்ல தசையும் சேர்ந்து போய்விடும்.

பதில் அன்னாசித் தோட்டத்திலிருந்து வந்தது. பழத்தை எடுத்த பின் வீணாகும் தண்டில் 'புரோமெலைன்' நொதிகள் ஏராளமாக இருப்பதை 1957ல் ஹவாயில் கண்டறிந்தார்கள். அதிலிருந்து இஸ்ரேலில் உருவாக்கப்பட்ட 'நெக்சோபிரிட்' மருந்துக்கு 2012ல் ஐரோப்பாவும், 2022ல் அமெரிக்காவும் அனுமதி தந்தன. காயத்தில் பூசி, மூடி, நான்கு மணி நேரம் கழித்து வழித்தெடுத்தால் செத்த படலம் கரைந்து வந்துவிடும். நல்ல தோல் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் வலி கடுமையாக இருக்கும் என்பதால் வலி நிவாரணம் கட்டாயம். அன்னாசி, பப்பாளி ஒவ்வாதவர்களுக்கு இது ஆகாது. பப்பைன் சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்துகிறது.

புழு, கொடிய கிருமி, காய்ப்பால், தோட்டக் கழிவு... அருவருப்பென்றும் குப்பையென்றும் ஒதுக்கியவைதான் இந்த வரலாறு முழுக்க வருகின்றன. அழுக வைப்பதும் ஆற வைப்பதும் ஒரே நொதிதான். எவ்வளவு, எங்கே, எவ்வளவு நேரம் என்று அளந்து வைத்த மனிதர்களின் பொறுமைதான் அதை மருந்தாக்கியது. ஒரு தீக்காயத்தில் பிழைத்து நிற்கும் ஒரு விரல் அளவு நல்ல தோலுக்குப் பின்னால் இருநூறு ஆண்டு உழைப்பு இருக்கிறது!