சும்மா இருந்த கணக்குப்பிள்ளை

2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் பலகை. விலை 35 டாலர். 700 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் சில்லு, 256 எம்பி நினைவகம். பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று இங்கிலாந்தில் உருவானது. சரி, கம்ப்யூட்டர் வந்தாச்சு. அதில் எந்த லினக்ஸை ஓட்டுவது?

அங்கேதான் சிக்கல். பையின் சில்லு ஆர்ம்வி6 என்ற பழைய தலைமுறை. ஆனால் தசமக் கணக்கு போடவே தனிப் பகுதி ஒன்று அதற்குள் உண்டு. டெபியன் லினக்ஸில் அப்போது இரண்டு வழிகள் இருந்தன. ‘ஆர்மெல்’ பையில் ஓடும். ஆனால் அந்தப் பகுதியைக் கண்டுகொள்ளாமல் தசமக் கணக்கை மென்பொருளாலேயே சுற்றிவளைத்துப் போடும். ‘ஆர்ம்ஹெச்எஃப்’ அந்தப் பகுதியைப் பயன்படுத்தும்; ஆனால் அதற்கு ஆர்ம்வி7 சில்லு வேண்டும். வீட்டில் கணக்குப்பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, நாம விரல்விட்டு எண்ணிக்கிட்டு இருந்த கதை.

மூல நிரல்தான் திறந்து கிடக்கே, எல்லாவற்றையும் ஆர்ம்வி6க்காகத் திரும்பக் கம்பைல் செய்தால் என்ன? மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன் என்ற இரண்டு ஆர்வலர்கள் அதற்குத் துணிந்தார்கள்.

சின்ன கணினியில் பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ‘மேக்’ என்று தட்டிவிட்டுத் தூங்கப் போவோம். காலையில் பார்த்தால் நினைவகம் போதாமல் பாதியில் நின்றிருக்கும். அதனால் இவர்கள் பையைவிட வலுவான ஆர்ம் பலகைகளில் வேலையை நடத்தினார்கள். அதிலும் ஒரு வம்பு: அவை ஆர்ம்வி7. தப்பித் தவறி ஒரு வி7 கட்டளை உள்ளே நுழைந்தால் அங்கே சத்தமில்லாமல் ஓடும். பைக்கு வந்ததும் நிரல் படுத்துவிடும். அதனால் கம்பைல் ஆனதே போதும் என்று விட முடியாது, சோதித்தாக வேண்டும். போதாததற்கு ஒரு தொகுப்பைக் கட்ட இன்னொன்று வேண்டும், அதைக் கட்ட மற்றொன்று.

2012 ஜூனில் 35,000க்கும் மேற்பட்ட தொகுப்புகள் தயாராகின. பெயர் ராஸ்பியன். அடுத்த மாதமே ராஸ்பெர்ரி பை அறக்கட்டளை அதன் அடிப்படையிலான பதிப்பை வெளியிட்டது. பலகையில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. தசமக் கணக்குகள் மட்டும் வேகம் பிடித்தன.

பிறகு பை வாங்கியவர்கள் ஒரே வரி தட்டி வேண்டியதை நிறுவிக்கொண்டார்கள். அவர்கள் காத்திருக்க வேண்டிய இரவுகளையெல்லாம் முன்பே யாரோ காத்திருந்து முடித்திருந்தார்கள்.