கரண்டியில் திரிந்த வெண்மை: சிறுநீரக நோயின் முன்குறிகளைத் தேடிய வரலாறு

சிறுநீரக நோய் பெரும்பாலும் வலியில்லாமல் வளர்கிறது. சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதிக்குமேல் போன பிறகும் பலர் வழக்கம்போல் உண்டு, உழைத்து, உறங்குகிறார்கள். கால் வீங்கி, பசி குன்றி, மூச்சு வாங்கத் தொடங்கும்போது நோய் முற்றியிருக்கும். உடல் தானாகச் சொல்லாத இந்த நோயை மருத்துவர்கள் சிறுநீரிலும் நாடியிலும் இரத்தத்திலும் தேட வேண்டியிருந்தது.

பழைய மருத்துவம் கண்ணை நம்பியது. சிறுநீரின் மேல் குமிழிகள் நின்றால் அது சிறுநீரகத்தின் நெடுநாள் நோய் என்ற குறிப்பு, கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸின் பெயரில் வழங்கும் நூல்களில் இருக்கிறது. புரதம் கலந்த சிறுநீர் நுரைக்கும் என்பதால் அது நல்ல கவனிப்பு. தேரையர் பெயரோடு வழங்கும் சித்த மருத்துவ நீர்க்குறியும் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று சிறுநீரை ஐந்து வகையில் ஆராய்ந்தது. ஆனால் அதன் நோக்கம் வாத, பித்த, கப நிலையை அறிவது, தனி உறுப்பின் நோயை அறிவது அன்று. இடைக்கால ஐரோப்பாவில் கண்ணாடிக் குடுவையில் சிறுநீரைப் பார்த்தே எல்லா நோய்க்கும் பெயர் சொன்னார்கள். அந்த மிகையால் 17ஆம் நூற்றாண்டில் அம்முறை மதிப்பிழந்தது.

கண்ணுக்குத் தெரியாததை நெருப்பு காட்டியது. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டொமினிக்கோ கொட்டுன்யோ, உடல் நீர்கோத்து வீங்கிய ஒரு படைவீரரின் சிறுநீரைச் சூடாக்கினார். அது முட்டையின் வெண்கருபோல் திரிந்தது. அதற்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பு அப்போது தெளிவாகவில்லை.

அதைத் தெளிவாக்கியவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட். அவர் கையாண்ட கருவிகள் ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவர்த்தியும்தான். வீக்கத்தோடு வந்த நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் காய்ச்சிப் பார்த்தார். இறந்தவர்களின் உடலைத் திறந்தபோது பலரின் சிறுநீரகங்கள் இறுகி, சுருங்கி, மேற்பரப்பு சொரசொரப்பாகியிருக்கக் கண்டார். 1827இல் வெளியான அவருடைய நூல், வீக்கம், சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம், சிறுநீரகச் சிதைவு ஆகிய மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என்று காட்டியது. ‘பிரைட் நோய்’ என்ற பெயர் நூறாண்டுக்கு மேல் வழங்கியது. 1842இல் இந்நோயாளிகளுக்கென்றே இரண்டு வார்டுகளும் அவற்றோடு ஓர் ஆய்வுக்கூடமும் அவருக்குக் கிடைத்தன. படுக்கையருகே செய்யும் சோதனையைப் பிணக்கூறாய்வோடு இணைத்த அந்தப் பொறுமையே சிறுநீரக மருத்துவத்தின் அடித்தளம்.

பிரைட் கண்ட ஆல்புமினும் முதல் அடையாளம் அன்று. அதே மருத்துவமனையில் பணியாற்றிய பிரெடரிக் அக்பர் முகமது, நாடித்துடிப்பைக் கோடாக வரையும் கருவியைச் சீர்படுத்தினார். 1870களில், சிறுநீரில் ஆல்புமின் தோன்றும் முன்பே சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடுவதை அவர் காட்டினார். பாட்னாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற சேக் தீன் முகமதுவின் பேரன் இவர். 1884இல், 35 வயதில், டைபாய்டால் இறந்துபோனார். அவர் செய்த பணிக்குரிய புகழ் இன்றும் அவருக்கு வந்து சேரவில்லை.

இரத்தச் சோதனை பிறகு வந்தது. 1886இல் ஜெர்மானியரான மாக்ஸ் யாஃபே, இரத்தத்திலிருந்து சிறுநீரகம் வடித்து நீக்கும் கழிவான கிரியேட்டினின் பிக்ரிக் அமிலத்தோடு சேர்ந்து நிறம் மாறுவதைக் கண்டார். அதுவே பின்னர் அளவீட்டு முறையாயிற்று. இதற்கும் ஒரு குறை உண்டு. வடிகட்டும் திறன் பாதியளவு குறையும் வரையிலும்கூட கிரியேட்டினின் இயல்பான அளவுக்குள்ளேயே நிற்கலாம். அதனால் இன்று வயது, பால் ஆகியவற்றைச் சேர்த்து வடிதிறனைக் கணக்கிடுகிறார்கள்.

1950களில் சிறுநீரில் தோய்த்தால் நிறம் மாறும் பட்டைகள் வந்து கரண்டிக்கு ஓய்வு கொடுத்தன. அவையும் சிறிதளவு ஆல்புமினைத் தவறவிட்டன. 1960களில் கைஸ் மருத்துவமனையின் ஹாரி கீன், மிக நுண்ணிய அளவையும் காட்டும் கதிரியக்க முறையை நீரிழிவு நோயாளிகளிடம் பயன்படுத்தினார். அந்தச் சிறு கசிவு உள்ளவர்களே பிற்பாடு சிறுநீரக நோய்க்கு ஆளாகிறார்கள் என்பது 1982இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 முதல் 300 மில்லிகிராம் வரையுள்ள ஆல்புமின் எச்சரிக்கை எல்லை ஆயிற்று. இந்தக் கட்டத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால் நோயின் வேகத்தைக் குறைக்க முடியும்.

2002இல் அமெரிக்க வழிகாட்டுநெறி நாள்பட்ட சிறுநீரக நோயை ஐந்து நிலைகளாகப் பிரித்தது. சிறுநீரகப் பாதிப்போ, வடிதிறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழ் இருப்பதோ மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நோய் என்று வரையறுத்தது. வடிதிறன் இயல்பாகவே இருந்து, ஆல்புமின் மட்டும் கசிந்துகொண்டிருப்பவர்களும் அதன் முதல் நிலையில் இடம்பெற்றார்கள்.