ஈ முட்டைக்குள் ஒரு முகவரி

வாழைப்பழம் கனிந்ததும் எங்கிருந்தோ வந்து மொய்க்கும் பழ ஈயை நாம் கையால் விரட்டிவிடுகிறோம். உயிரணுவின் இரகசியம் ஒன்றை அறிவியலுக்குக் காட்டிக்கொடுத்தது அந்த ஈயின் முட்டைதான்.

உட்கருவிலுள்ள மரபுச் செய்தியைப் படியெடுத்து, புரதம் செய்யும் இடத்திற்குக் கொண்டுசெல்வது தூது ஆர்.என்.ஏ. இதை நாம் அறிந்தது 1961இல். சில தூதுகளுக்குப் போய்ச்சேர வேண்டிய இடமும் உண்டு என்பது விளங்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1988இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் குழுவினர், ‘பைகாய்டு’ என்னும் தூது ஈ முட்டையின் முன்முனையில் குவிந்திருப்பதன் பொருளை விளக்கினர். தாய் ஈயின் ஊட்ட அணுக்களில் உருவாகும் இத்தூது முட்டைக்குள் அனுப்பப்படுகிறது. தண்டவாளம்போல் கிடக்கும் நுண்குழாய்கள் வழியே இயங்குபுரதங்கள் அதைச் சுமக்கின்றன. முகவரியோ தூதின் வால்பகுதியிலேயே இருக்கிறது! இதுவும் அதே ஆண்டில் தெரியவந்ததுதான்.

முன்முனையில் பிறக்கும் புரதமே ‘இங்கே தலை’ என்று குறிக்கிறது. அந்த மரபணு பழுதான தாயின் முட்டையில் தலையும் இல்லை, மார்பும் இல்லை. தலைக்குரிய இடத்தில் வாலுறுப்பு உண்டாகிறது. அக்கரு பிழைப்பதில்லை.

புரதத்தையே சுமந்து செல்லலாமே என்று கேட்கத் தோன்றும். ஒரு தூது போதும், போன இடத்தில் பல புரதங்களைச் செய்துகொள்ளலாம். நல்ல சிக்கனம்தான். நம் நரம்பணுக்களின் நீண்ட கிளைகளிலும் தூதுகள் இப்படியே பயணம் செய்கின்றன.