ஒன்பது அங்குலத்துக்குள் ஒரு சண்டை

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு எவ்வளவு நீளம் இருக்கணும்? அமெரிக்காவில் பந்தய எஞ்சின் கட்டுபவர்கள் பல பத்தாண்டுகளாக இதற்காக அடித்துக்கொள்கிறார்கள். டேடோனா பீச்சில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஸ்மோக்கி யூனிக்கின் கட்சி, உள்ளே நுழைகிற மட்டும் நீளமாகப் போடு என்பது. 1961, 1962 இரண்டு வருடமும் டேடோனா 500-ஐ ஜெயித்தவை அவர் தயார் செய்த போன்டியாக் கார்கள். அவர் பேச்சுக்கு மதிப்பிருந்தது.

நியாயமும் இருந்தது. ராடு நீண்டால் அதன் சாய்வு குறையும். பிஸ்டன் சிலிண்டர் சுவரில் போய் அழுந்துவதும் குறையும். அதனால் குதிரைத்திறன் எவ்வளவு கூடும் என்பதில்தான் சண்டை.

நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்குப் போனவன். எனக்கு அந்த 'நுழைகிற மட்டும்' என்பதுதான் சுவாரசியம். எதற்குள் நுழையணும்?

1955-ல் எட் கோல் தலைமையில் செவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8 வந்தது. கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்தளம் வரை 9.025 அங்குலம். ஸ்ட்ரோக்கில் பாதி, ராடு, பின்னுக்கு மேலே உள்ள பிஸ்டன் உயரம் என மூன்றும் அதற்குள் அடங்கணும். அப்போது ஸ்ட்ரோக் 3 அங்குலம், ராடு 5.7. தாராளம்.

பிறகு ஸ்ட்ரோக் ஏறிக்கொண்டே போனது. 350 எஞ்சினில் 3.48, 1970-ல் வந்த 400-ல் 3.75. பிளாக்கின் உயரம் மட்டும் அப்படியே. உயர்த்தினால் 'வி'யின் இரண்டு கைகளும் விலகும், பழைய இன்டேக் மேனிஃபோல்டு பொருந்தாது. அதனால் 400-ல் ராடை 5.565 ஆகக் குறைத்தார்கள். ராடின் அதிகபட்ச சாய்வு 350-ல் 17.8 டிகிரி, 400-ல் 19.7.

ஹாட் ராடு கட்டுபவர்கள் 400-ன் ஸ்ட்ரோக்கை 350 பிளாக்குக்குள் கொண்டுவந்து 383 ஆக்கினார்கள். பலர் அதில் 6 அங்குல ராடு போட்டார்கள்: 1.875 + 6 + 1.125 = 9. சாய்வு 18.2-க்கு இறங்கியது. விலை கொடுத்தது பிஸ்டன். அதன் உயரம் 1.56-லிருந்து 1.125 ஆனது, ரிங்குகள் நெருங்கின. ராடை இன்னும் நீட்டினால் பின் துளை ஆயில் ரிங் பள்ளத்திலேயே இடிக்கும். பந்தயத்துக்குப் பரவாயில்லை, தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு அது தலைவலி.

ஆக, ராடு கடைசியில் முடிவாகிற விஷயம். முதலில் பிளாக், அப்புறம் ஸ்ட்ரோக், அப்புறம் தாக்குப்பிடிக்கிற பிஸ்டன், மிச்சம்தான் ராடு. இருபது வருடப் பழைய கோடில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். நாம் சுதந்திரமாகத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிற எண், எப்போதோ ஒருத்தர் வரைந்துவிட்டுப்போன எல்லைக்குள் மிஞ்சிய இடம். நீளம், குட்டை என்று கட்சி கட்டும் முன் அந்த எல்லையை அளந்துவிடுவது நல்லது.