மைக்ரோவோல்ட்டின் பருமனா, குறியா?

எதிர் ஃபெர்ரோ காந்தங்களால் நடைமுறைப் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்று லூயி நீல் 1970இல் தம் நோபல் உரையிலேயே சொன்னார். அவர் கைவிரித்த அதே பொருள்களில் இன்று வெப்பத்தால் தற்சுழற்சி ஓட்டத்தை எழுப்புகிறார்கள். ஆனால் அந்த அளவீடுகளில் மின்னழுத்தத்தின் பருமனுக்கு நாம் தரும் மதிப்பு அதிகம், குறிக்குத் தரும் மதிப்பு குறைவு என்பது என் வாதம்.

காந்தப் படலத்தின் மேல் பிளாட்டினம் பூசி, தடிப்பின் வழியே வெப்பச் சரிவை ஏற்படுத்தினால், மேக்னான்கள் (தற்சுழற்சி அலைகளின் துகள்கள்) இடைமுகத்தில் ஒப்படைக்கும் தற்சுழற்சி பிளாட்டினத்தில் மின்னழுத்தமாகிறது. ஓரச்சு எதிர் ஃபெர்ரோ காந்தத்தில் மேக்னான்களுக்கு இரண்டு கிளைகள். அவற்றின் காந்தத் திருப்புத்திறன்கள் எதிரெதிரானவை. காந்தப்புலம் இல்லாதபோது ஒன்று கொண்டுவருவதை மற்றது கழித்துவிடும். புலமோ டெஸ்லாவுக்கு ஏறத்தாழ 28 கிகாஹெர்ட்ஸ் வீதம் ஒன்றைத் தாழ்த்தி மற்றதை உயர்த்துகிறது. குரோமியம் ஆக்சைடில் கிளைகள் தொடங்குவது சுமார் 165 கிகாஹெர்ட்ஸில். வகுத்தால் 6 டெஸ்லா வருகிறது. அணுத் தற்சுழற்சிகள் புலத்துக்குக் குறுக்காகப் புரள்வதும் அந்தப் புலத்தில்தான். வெப்ப ஆற்றல் கெல்வினுக்கு 21 கிகாஹெர்ட்ஸ். அறை வெப்பநிலையின் 6,000 கிகாஹெர்ட்ஸுக்கு முன் இந்தப் பிளவு எம்மாத்திரம்? 5 கெல்வினில் கதையே வேறு.

இதே பொருளில் 2015இல் செக்கி குழுவினர் புரள்வுக்குக் கீழே சைகை எதையும் காணவில்லை. புரண்டதும் அது திடீரென எழுந்தது. 2016இல் மாங்கனீஸ் ஃபுளோரைடின் 30 நானோமீட்டர் படலத்தில், புரள்வுப் புலமான 9 டெஸ்லாவுக்குக் கீழேயும் சைகை கிடைத்தது. 2020இல் லீ குழுவினர் குரோமியம் ஆக்சைடில் புரள்வின் இருபுறமும் எதிரெதிர்க் குறிகளைக் கண்டார்கள். ரைட்ஸும் சகாக்களும் தந்த விளக்கம்: புரள்வுக்குக் கீழே எதிரெதிர்த் தற்சுழற்சிகளின் அடுக்கான நீல் ஒழுங்கும், மேலே சிறு நிகரக் காந்தமாக்கலும் இடைமுகத்தின் வழியே தற்சுழற்சியைக் கடத்துகின்றன. இவ்விரு கடத்தல்களின் விகிதம் இடைமுகத்தைப் பொறுத்தது. ஒரே பொருள் இரு ஆய்வகங்களில் இரு விதமாக நடந்துகொண்டதற்கு நான் முதலில் சந்தேகிப்பது படிகத்தை அல்ல, அதன் மேற்பரப்பை.

பருமனை ஏன் நம்பக் கூடாது? அரை மில்லிமீட்டர் அடித்தளத்தின் மேல் 30 நானோமீட்டர் படலம் என்பது தடிப்பில் ஏறக்குறைய 17,000இல் ஒரு பங்கு. வெப்பநிலை வீழ்ச்சியில் படலத்தின் பங்கு எவ்வளவு என்று எந்த வெப்பமானியாலும் உள்ளே புகுந்து பார்க்க முடியாது. அப்படியிருக்க, கெல்வினுக்கு இத்தனை மைக்ரோவோல்ட் என்று இரு படலங்களை ஒப்பிடுவது வெவ்வேறு படிகளால் அளந்த நெல்லை ஒப்பிடுவதுதான். சைகை இருப்பதுகூடப் போதிய சான்றல்ல. ஒழுங்கே இல்லாத பாராகாந்தங்களும் அதைத் தருகின்றன.

குறியும் ஏமாற்றலாம் என்பது நியாயமான மறுப்பு. வெப்பச் சரிவும் புலமும் சேர்ந்து பிளாட்டினத்திலேயே எழுப்பும் மின்னழுத்தமான நெர்ன்ஸ்ட் விளைவும் புலத்தைத் திருப்பினால் குறி மாறும். ஆனால் அது புலத்தோடு நேர்கோட்டில் வளர்வது; புரள்வுப் புலம் எங்கே என்று அதற்குத் தெரியாது. தற்சுழற்சியை மின்னோட்டமாக மாற்றும் விகிதமான தற்சுழற்சி ஹால் கோணம் பிளாட்டினத்துக்கு எதிர்க்குறியில் உள்ள டான்டலத்தை அதே படலத்தின் மறுபாதியில் பூசி, இரு பாதிகளின் குறிகளும் அதே புரள்வுப் புலத்தில் எதிரெதிராகத் திரும்பினால் மட்டுமே, அந்தச் சைகை மேக்னான்கள் கொண்டுவந்தது என்று ஒப்புக்கொள்வேன்.