பாலின் கருவாடு

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிற சாலையில் திருப்பாலைவனம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் மணல்வெளியும் ஒட்டகமும் ஞாபகத்துக்கு வந்தால் அது நம்முடைய பள்ளிக்கூடப் பூகோளத்தின் குற்றம். பாலை மரங்கள் அடர்ந்த காடாக இருந்த இடம் என்பதால் வந்த பெயர் அது. சிவன் கோயிலும் வயல்களுமாக இருக்கும் அந்த ஊரைத் தாண்டியதும் காற்றின் ருசி மாறிவிடுகிறது. உதட்டை நாவால் தடவினால் உப்புக் கரிக்கும். பிறகு ஏரி, படகுகள், மீன் வாடை, பழவேற்காடு.

நான் போனது அங்கே இருக்கும் டச்சுக்காரர்களின் இடுகாட்டைப் பார்க்க. வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே வரிசையாகக் கல்லறைகள்; அவற்றின் மேல் கப்பல்காரர், வர்த்தகர், அவர்களுடைய மனைவி மக்கள் என்று பலருடைய பெயர்கள் ஒல்லாந்த மொழியில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, சுவர் நிழலில் உட்கார்ந்து கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் ஐயா, இத்தினி பேரு வந்து இங்க செத்துக்கினாங்களே, உயிரோட இருக்கசொல்ல இன்னாத்தைத் துன்னாங்க?"

சரித்திரப் புத்தகங்கள் யார் யாரை எந்த ஆண்டில் ஜெயித்தார்கள் என்பதைச் சொல்லும். ஜெயித்த அன்று இரவு என்ன சமையல் என்பதைச் சொல்லுவதில்லை. "ரொட்டி, வெண்ணெய், பால்கட்டி" என்றேன்.

"பாலு எப்பிடி கட்டியாவும்? திரிஞ்சி போனாத்தான்."

"திரிய விட்டுத்தான் அம்மா..." என்று ஆரம்பித்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். திரிந்த பாலைக் கொட்டுவது நம் வீட்டுப் பழக்கம். அதை எடுத்துப் பத்திரப்படுத்திக் கப்பலில் ஏற்றி உலகம் சுற்றிய கூட்டத்தைப் பற்றி அவளிடம் சரியாகச் சொல்லத் தெரியவில்லையே என்ற குறையோடு ஊர் திரும்பினேன். இந்தக் கட்டுரை அந்தக் குறையில் பிறந்தது.

ஒல்லாந்தர்கள் 1610-ஆம் ஆண்டில் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்தார்கள். சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியர்களுக்கு இது பொறுக்கவில்லை; 1612-இல் வந்து அதைத் தாக்கி அழித்தார்கள். 1613-இல் ஒல்லாந்தர்கள் அங்கே கோட்டையே கட்டிக்கொண்டு, தங்கள் நாட்டு கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாக அதற்கு கெல்ட்ரியா என்று பெயரிட்டார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரை முழுவதிலும் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். இன்று அந்தக் கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிய மேடுதான் இருக்கிறது.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து கீழ்த்திசைக்கு வர அந்த நாளில் ஏறக்குறைய எட்டு மாதம் பிடிக்கும். எட்டு மாதம் கெடாமல் இருக்கிற சாப்பாடு என்ன? உப்பிட்ட இறைச்சி, கல்லைப்போல் காய்ந்த ரொட்டி, பால்கட்டி. அந்தக் கம்பெனிக் கப்பல்களின் உணவுப் பண்டங்களில் இவை முக்கியமானவை. கட்டிகளிலே பேர் போனது வட ஹாலந்தில் எடம் என்னும் சிறு துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய உருண்டை. பாலில் கன்றின் வயிற்றுச் சவ்விலிருந்து எடுத்த உறையைச் சேர்ப்பார்கள், பால் இறுகும். அறுத்துத் தண்ணீரை வடித்து, அச்சில் வைத்து அழுத்தி, உப்புக் கரைசலில் ஊறப்போட்டு, பலகையில் அடுக்கி ஆறவிடுவார்கள். நாளாக ஆக அது கெடுவதில்லை. இறுகும், காரம் ஏறும். ஏற்றுமதிக்குப் போகும் உருண்டைகளுக்குச் சிவப்புப் பூச்சு உண்டு. முன்பு செடிச் சாயம், பிற்காலத்தில் மெழுகு. கையில் எடுத்துப் பார்த்தால் திருவிழாக் கடையில் விற்கும் சாயம் பூசிய மரப் பந்து என்றே தோன்றும்.

இனி ஒரு வேடிக்கையான வட்டத்தைச் சொல்லுகிறேன். ஒல்லாந்தர்கள் பழவேற்காட்டுக்கு வந்தது பழவேற்காட்டுக்காக அல்ல; கிராம்புக்காக. கிராம்பு விளைந்த மொலுக்காஸ் தீவுகளில் இருந்தவர்களுக்கு ஐரோப்பியச் சரக்கில் அதிக ஆசை கிடையாது. அவர்கள் விரும்பியது நம் கரையில் நெய்து சாயம் தோய்த்த துணியை. ஆகவே இங்கே துணி வாங்கி, அங்கே கொண்டுபோய்க் கொடுத்து, கிராம்பை வாங்கித் தம் ஊருக்கு அனுப்பினார்கள். அந்த ஊரில் ஃப்ரீஸ்லாந்துப் பகுதிக் குடியானவர்கள் கிராம்பைப் பால்கட்டிக்குள் பதித்துச் செய்யப் பழகினார்கள். ஃப்ரீஸ்லாந்துக் கிராம்புக் கட்டி இன்றைக்கும் புகழ் பெற்றது. நம் ஊர்த் தறியில் ஓடிய நாடாவுக்கும் அந்தக் கட்டியில் கடிபடும் கிராம்புக்கும் உறவு இருக்கிறது என்று நான் சொன்னால் அது நாவலாசிரியனின் கற்பனை அல்ல.

ஆனால் அந்த வட்டத்துக்குள் இன்னொரு சரக்கும் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்த போதெல்லாம், வயிற்றுக்கு இல்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற ஜனங்களை இந்தக் கரையில் வாங்கி, பழவேற்காட்டிலிருந்து பத்தேவியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அடிமைகளாகக் கப்பல் ஏற்றினார்கள். எட்டு மாதத்துக்குக் கெடாத சாப்பாட்டோடு வந்தவர்கள், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சிவப்பு உருண்டை போன இடமெல்லாம் சமையலறையில் தங்கிவிட்டது. இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சி 1796-இல் முடிந்தது. ஆனால் அங்கே தங்கிவிட்ட பறங்கியர் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் காலையில் 'புரூடர்' என்ற கேக் உண்டு. முட்டையும் வெண்ணெயும் உலர்ந்த திராட்சையும் சேர்த்துப் புளிக்கவைத்துச் சுட்ட அந்தக் கேக்கை வில்லை போட்டு, வெண்ணெய் தடவி, எடம் கட்டியின் மெல்லிய துண்டோடு சாப்பிடுவார்கள். இனிப்பும் உப்பும் சேர்ந்த ருசி. நம் வீட்டில் வெல்லப் பணியாரத்தோடு காரச் சட்டினி தேடுகிறவர்களுக்கு இது புரியும்.

மேற்கே 1634-இல் ஒல்லாந்தர்கள் பிடித்த குராசோ தீவில், உருண்டையைக் குடைந்து உள்ளே மசாலா இறைச்சி அடைத்து வேகவைக்கிறார்கள். எஜமானர்கள் சுரண்டித் தின்று எறிந்த தோட்டை அடிமைகள் எடுத்துச் சமைத்ததில் பிறந்த பண்டம் என்று அந்தத் தீவில் கதை சொல்லுவார்கள். மெக்ஸிகோவின் யுகத்தான் பகுதியிலும் இதே மாதிரி அடைத்த எடம் விருந்துச் சாப்பாடு.

மெக்ஸிகோவின் கதை விசேஷமானது. ஸ்பானியர்கள் 1521-இல் அந்த நாட்டைப் பிடிக்கும் வரையில் அங்கே பசுவும் கிடையாது, ஆடும் கிடையாது. பால்கட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்றோ ஊருக்கு ஒரு கட்டி. ஓஹாகாவில் வெந்நீரில் இழுத்து நாடாவாக்கி நூல்கண்டு போல் சுற்றி வைக்கிறார்கள். கொதீஹா என்ற ஊரில் செய்வது உப்பேறி இறுகியது, உதிர்த்துத் தூவுவதற்கு. வடக்கே சிவாவா மாநிலத்தில் செய்வது உருகுவதற்குப் பேர் போனது. அதைச் செய்யத் தொடங்கியவர்கள் 1922-இல் கனடாவிலிருந்து குடியேறிய மெனோனைட் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய சமயத்துக்குப் பெயர் தந்த மென்னோ சிமோன்ஸ் யார் தெரியுமா? அதே ஃப்ரீஸ்லாந்துக்காரர்! முன்னோர்கள் போலந்து, உக்ரைன், கனடா என்று தலைமுறை தலைமுறையாக மூட்டை கட்டியவர்கள். நிலம் மாறியது, மாடு கறக்கிற கை மாறவில்லை.

பழவேற்காட்டில் மட்டும் ஏன் ஒன்றும் தங்கவில்லை? 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. இலங்கையைப்போல் தலைமுறை தலைமுறையாக அடுப்பு மூட்டிய குடும்பங்கள் இங்கே நிலைக்கவில்லை. சமையல் பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகிற சொத்து. பாட்டிகள் கல்லறையில் தங்கிவிட்டார்கள், பேத்திகள் இல்லை.

சென்னையில் பெரிய கடை ஒன்றில் சிவப்பு உருண்டை கிடைத்தது. வாங்கிவந்து பரீட்சை செய்தேன். படிக்கிறவர்களுக்கு உபயோகப்படுமென்று கண்டதைச் சொல்லுகிறேன். எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்த நம் பன்னீர் எவ்வளவு சுட்டாலும் உருகாது, பொரிக்கலாம், உதிர்க்கலாம். மெக்ஸிகோவில் புளிப்பு ஊற்றித் திரிக்கும் வெள்ளைக் கட்டியும் இதே ஜாதி. அவர்கள் அவரைப் பயற்றின் மேல் உதிர்த்துக்கொள்வதுபோல, உப்புப் பிசிறிய பன்னீரைச் சுண்டலின் மேல் உதிர்த்துப் பாருங்கள். உறையிட்டுச் செய்த எடம் உருகும். ஆனால் தணலைக் கூட்டினால் எண்ணெய் தனியே பிரிந்து, கட்டி ரப்பராகிவிடும். அதனால் துருவிக்கொண்டு, தோசை முக்கால் வெந்த பிறகு தூவி, தீயைத் தணித்து மூடிவிட வேண்டும். கட்டியிலேயே உப்பு இருப்பதால் மாவில் உப்பைக் குறைக்க வேண்டும். இதை முதல் நாள் மறந்து ஒரு குடம் தண்ணீர் குடித்தேன். உருண்டையைக் குடைந்து இறால் மசாலா அடைத்து ஆவியில் வைத்தேன். துணியில் இறுக்கிக் கட்ட வேண்டுமென்று தெரியாததால், திறந்து பார்த்தபோது கோட்டை சரிந்து அகழியோடு அகழியாகக் கிடந்தது. கெல்ட்ரியாவின் கதிதான். ருசிக்குக் குறைவில்லை.

மீதியிருந்த துண்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு போனேன். அந்த அம்மாள் அதே நிழலில் இருந்தாள். துண்டை முகர்ந்து பார்த்து, ஓரத்தைக் கடித்து, வெகுநேரம் மென்றாள்.

"அட, இது பாலுல போட்ட கருவாடு இல்ல! உப்பு வெச்சி, தண்ணிய எடுத்து, காய வெச்சிக்கிறான். கடல்ல போறவனுக்கு வேற இன்னா வழி?"

நான் பல நாள் படித்துத் தெரிந்துகொண்டதை அவள் ஒரு கடியில் சொல்லிவிட்டாள். பிறகு துணியின் கதை, கிராம்பின் கதை, கப்பலேறிய ஜனங்களின் கதை எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவங்களுக்குக் கல்லறை எங்க கீது ஐயா?"

"கல் ஒன்றும் கிடையாது அம்மா" என்றேன்.

அவள் எலும்புக்கூடுகள் நின்ற வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மீதித் துண்டைக் காகிதத்தில் மடித்து, "பேரனுக்கு ஆவும்" என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.